ஈரச் சிமெண்டில் குளம்புத் தடம்

ஜொகூரில் காஹாங்கைத் தாண்டிச் செம்பனைக் காட்டுக்குள் வேன் நுழைந்ததும் கைத்தொலைபேசியில் இணைப்பு அறுந்துபோனது. யோகேஸ்வரிக்கு அதில் கவலையில்லை. அவளை யார் கூப்பிடப்போகிறார்கள்? கணவர் காளிதாஸ் இறந்துபோன பிறகு, பெர்மாஸ் ஜெயா வீட்டில் அவளிடம் பேசுவது தொலைக்காட்சி ஒன்றுதான்.

வேன் போய் நின்றது தோட்டத்துப் பழைய துரை பங்களாவில். குளுவாங் வியாபாரி ரூபேந்திரன் அதை வாங்கி விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தான். கூடத்தில் ஒரு பாறை வேண்டும் என்று அவளை வரச்சொல்லியிருந்தான். அவள் பிழைப்பே அதுதான். கம்பியை வளைத்துக் கட்டி, கோழிவலை போர்த்தி, சிமெண்ட் பூசிச் செதுக்கி, சாயம் அடித்துவிட்டால் தட்டிப் பார்த்தாலொழிய பொய்ப் பாறை என்று தெரியாது. ஓட்டல் அருவிக்கும் மீன்குளத்துக்கும் மலை செய்து கொடுத்தவள். இந்த முறை பாறைமேல் நிற்கப்போவது, பங்களாவிலேயே கிடந்த பாடம் பண்ணிய மலையாடு. கம்பிங் கூருன் என்பார்கள் மலாய்க்காரர்கள். கறுப்பு மயிர், பின்னால் வளைந்த சின்னக் கொம்பு, கண்ணாடிக் கண்.

"அக்கா, நெஜ மலையில நிக்கிற மாதிரியே இருக்கணும். வர்றவங்க போட்டோ புடிக்கணும் லா," என்று சொல்லிவிட்டு ரூபேந்திரன் போய்விட்டான். காவலுக்கு இருந்த மூர்த்தி காலையில் சாப்பாடு கொண்டு வருவார், பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவார். மற்ற நேரமெல்லாம் அவளும் அந்த ஆடும்தான்.

ஆட்டின் காலிலிருந்து இறங்கிய கம்பிகளைப் பாறையின் சட்டத்தில் முடுக்கினாள். சிமெண்ட் தெறிக்காமலிருக்க உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக் சுற்றினாள். சுற்றும்போது வயிற்றடியில் கை பட்டது. மடி. பாடம் பண்ணியவன் அதைக்கூட விட்டுவைக்கவில்லை. காம்புகள் பருத்துத் தொங்கின. பால் கொடுத்துக்கொண்டிருந்த தாயைச் சுட்டிருக்கிறார்கள்.

அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அன்று மாலை பாறையின் அடிப்பாகத்தைப் பூசி, ஈரமாகவே விட்டுவிட்டுப் படுத்தாள். காலையில் பூச்சில் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொன்றும் நடுவில் பிளந்து, ஐம்பது காசு அகலத்தில் இருந்தது. பின்கட்டுக்கு இன்னும் கதவு மாட்டவில்லை. ஏதோ ஆட்டுக்குட்டி நுழைந்திருக்கும் என்று கரணையால் தடவி மூடினாள்.

மறுநாளும் வந்திருந்தது.

இந்த முறை தடங்கள் மேலே ஏறியிருந்தன. செங்குத்தான இடத்தில் நீளநீளமாகக் கீறல்கள். ஏறி, வழுக்கி, விழுந்து, மறுபடியும் ஏறி.

"மூர்த்தி, இங்க யாராச்சும் ஆடு வளக்கிறாங்களா?"

மூர்த்தி தூரத்திலிருந்தே பார்த்தார். கிட்டே வரவில்லை.

"இங்க ஏதுக்கா ஆடு?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்த ஆட்ட குவா மூசாங் மலைப்பக்கம் ஒரு தொரை சுட்டாராம். கூட குட்டி இருந்துச்சாம். தாய லாரியில தூக்கிப் போட்டதும் அது பின்னாலயே ஓடியாந்துச்சாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னாச்சோ, யாருக்குத் தெரியும்? நீங்க சீக்கிரம் முடிச்சிட்டுக் கெளம்புங்கக்கா."

வேறொருத்தியாக இருந்தால் துண்டைக் காணோம், துணியைக் காணோம் என்று ஓடியிருப்பாள். யோகேஸ்வரிக்கும் பயம்தான். ஆனால் அந்தக் கீறல்களை விட்டு அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. பிள்ளை வரம் கேட்டு அவள் தொட்டில் கட்டாத கோயில் ஜொகூரில் இல்லை. மலடி என்று சாடை பேசிய சொந்தங்களுக்குச் சிரித்துக்கொண்டே காப்பி கலக்கிக் கொடுத்திருக்கிறாள். அம்மா வேண்டும் என்று இப்படி விழுந்து விழுந்து ஏறி வர அவளுக்கு யாரும் வாய்க்கவில்லை.

கரணையை எடுத்தாள். செங்குத்தான இடத்தில், குட்டிக் கால் பதியும் அளவுக்குப் படிபோல வெட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் ஒரு கீறல்கூட இல்லை.

தடங்கள் நேராகத் தாயின் காலடிவரை போயிருந்தன. வயிற்றடியில் பிளாஸ்டிக் கிழிந்து தொங்கியது. தாயின் மூக்குப் பக்கம் பிளாஸ்டிக்கின் உள்பக்கத்தில் வெள்ளையாகப் பனி படர்ந்திருந்தது.

மூச்சு விட்ட ஈரம்.

மயிர்க்கூச்செறிந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு அவள் சீக்கிரமே எழுந்துகொண்டாள், எழுந்ததும் தடத்தைத் தேடினாள். வேலை செய்யும்போது தானாகப் பேசவும் ஆரம்பித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சாப்பாடு ருசித்தது.

சாயம் அடித்து முடிக்கும் சமயத்தில் ரூபேந்திரன் கண்ணாடி பொருத்தும் ஆட்களோடு வந்து இறங்கினான்.

"அலமாக், மலைக்கு யாரு அக்கா படி கட்டுவா? ஒடச்சிடுங்க. சுத்தியும் கண்ணாடி போட்டுடலாம், தூசி அண்டாது."

"மேல கொஞ்சம் எடம் விடுங்க தம்பி. காத்துக்கு."

"செத்த ஆட்டுக்கு எதுக்குக்கா காத்து?"

அவனே சிரித்துக்கொண்டான். என்ன காரணம் சொல்லுவாள்? தான் வெட்டிய படியைத் தன் கையாலேயே கொத்தி எடுத்து, பூசி, சாயம் தொட்டாள். அவர்கள் கண்ணாடியை நிறுத்தி, மூலைகளில் பசை இழுத்து அடைத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் மதியம் கிளம்ப வேண்டியவளை மழை பிடித்துக்கொண்டது. பட்டப்பகலில் கூடம் இருண்டது. மழை விட்டதும் போகலாம் என்று பக்கத்து அறையில் மெத்தையில் ஒருக்களித்துப் படுத்தாள்.

டக்.

கண்ணாடியில் ஏதோ முட்டியது.

டக். டக்.

பிறகு அந்தக் குரல். சத்தமாக இல்லை. தொண்டை கட்டிப்போன குட்டியின் மெல்லிய கத்தல். நிறுத்தும், காத்திருக்கும், மறுபடி முட்டும். தலையணையால் காதைப் பொத்தினாள். அப்போதும் கேட்டது. இந்த மழை விட்டால் அவள் போய்விடுவாள், பூட்டிய வீட்டைத் திறந்து விளக்கைப் போடுவாள். இது இங்கே முட்டிக்கொண்டே இருக்கும்.

கூப்பிட்டால் வந்துவிடும் என்று தெரிந்தேதான் கூப்பிட்டாள்.

"வா," என்று முணுமுணுத்தாள். "இங்க வா, கண்ணு."

முட்டுவது நின்றது.

மழை மட்டும் பெய்தது.

பலகைத் தரையில் குளம்புச் சத்தம், தயங்கித் தயங்கி. வாசலில் நின்றது. நனைந்த ஆட்டு மயிர் நாற்றம் அறைக்குள் பரவியது. மெத்தையின் ஓரம் மெல்ல அழுந்தியது.

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

விழித்தபோது மழை விட்டிருந்தது. சட்டையின் முன்பக்கம், ஒரு பக்கம் மட்டும், தொப்பலாக நனைந்திருந்தது. கூரை ஒழுகியிருக்குமோ என்று அண்ணாந்து பார்த்தாள். கூரைப் பலகை காய்ந்து கிடந்தது. ஈரத்தைத் தொட்டு விரலை முகர்ந்தாள்.

பால்.

ஐம்பதைத் தாண்டிய உடம்பு. ஒரு பிள்ளைகூடப் பெறாத உடம்பு. பால் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

வெளியே மூர்த்தியின் குரல் கேட்டது. "அக்கா! மழ விட்டிருச்சு, கெளம்பலையா?"

மெத்தையில் அவளை ஒட்டி விழுந்த பள்ளம் அப்படியே இருந்தது.

சட்டையைச் சற்றுத் தளர்த்திக்கொண்டு, மறுபக்கத்தையும் கொடுக்க வாகாகத் திரும்பிப் படுத்தாள்.