நிலை வைத்த காலை

ஐப்பசி மழை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்த தேவகி, பழைய ஞாபகத்தில் தன் வீட்டு வாசலுக்குள் நுழையப் போனாள். நெற்றி கருங்கல்லில் மோதியது.

"ஐயோ! இங்க இருந்த வாசல் எங்க?"

"நேத்துதான் அடைச்சேங்க. ஒத்தைப்படையா மூணு வாசல் ஆகாதாமே... கல்லுக்கு ஒண்ணும் அடிபடலியே?"

உளியும் கையுமாக எட்டிப் பார்த்தான் கல்தச்சு மேஸ்திரி நாகேந்திரன். இமையெல்லாம் மழைத்துளி... அவள் கோபம் பாதியிலேயே கரைந்தது.

"இது எங்க வீடுங்க. போன வருஷம் நைனா இத வித்துட்டாரு, நாங்க மணவூர் போயிட்டோம்."

"அப்ப உள்ள வந்து பாருங்க."

ஒட்டி நின்ற மூன்று சின்னக் கல்வீடுகள், நடுச்சுவர்கள் போய் ஒரே வீடாகியிருந்தன. தரை மட்டும் ஒத்துப்போகவில்லை. கட்டுக்குக் கட்டு ஒரு படி.

"இங்கதான் எங்க அடுப்பு."

"இப்ப ஊஞ்சல் கூடம்."

"அடுப்பு மேல ஊஞ்சலா! அம்மா கேட்டா அடிக்க வருவாங்க."

"வரட்டும். உங்களையும் கூட்டிக்கினு வந்தா சரி."

சிரித்துவிட்டாள்... சிரித்து எத்தனை நாளாயிற்று!

"வீட்ட வாங்கின எஜமானர் அம்பது வயசுல ரெண்டாந்தாரம் கட்டிக்கினு வர்றாரு," என்றான். "நாளைக்குத் தலைவாசல் நிலை வைக்கிறோம். அந்தப் பொண்ணு நிலைக்கு மஞ்சள் பூசிட்டா கலியாணத்த மாத்த முடியாதாம். பாவம், யாரு பெத்த பொண்ணோ!"

"எல்லப்பன் பெத்த பொண்ணுங்க... நான்தான். மஞ்சள் பூசத்தான் நைனா கூட வந்திருக்கேன்."

அவன் உளியைக் கீழே வைத்தான்.

"வேணாம்னு சொல்லக்கூடாதா?"

"நைனா வாக்கு குடுத்துட்டாரு. நான் மாட்டேன்னா உயிரை விட்டுடுவேன்னு சொல்லிக்கினே இருக்காரு."

மறுநாள் காலை ஏழரை வரைக்கும்தான் நல்ல நேரம். தவறினால் அடுத்த முகூர்த்தம் தையில்தான்.

"நேரா நிக்குதா மேஸ்திரி?" என்றார் எஜமானர் ஜெகநாதன்.

நிலையை ஒரு கையால் அணைத்து, மறுகையில் நூலில் தொங்கும் தூக்குக்குண்டைப் பிடித்திருந்த நாகேந்திரன், "இன்னும் இல்லீங்க," என்றான்.

"இப்ப?"

"இல்லீங்க... சாயுது."

தேவகி பார்த்தாள். நூல் மயிரிழை பிசகாமல் நிலையை ஒட்டி நின்றது. அவன் கண்கள் மட்டும் அவளிடம் கெஞ்சின.

"நேரம் போவுதே தேவகி..." என்றார் அவள் அப்பா எல்லப்பன்.

அவள் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு நிலையருகே போனாள். அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"பொய் சொல்லாதீங்க. நேராத்தான் இருக்குது."

"தெரியும். நேத்து பாத்ததுலேர்ந்து... உங்கள விட மனசு வரலீங்க."

"எனக்குந்தான்... கைய எடுத்துடுங்க. நீங்க புடிச்சிக்கினு இருந்தா என்னால பூச முடியாது."

அவன் கையை எடுத்தான். நிலை நேராகவே நின்றது; அவள் மஞ்சளைப் பூசினாள்.