நிலுவையில் ஒரு புத்தகம்

காலை 10.20. பல்கலைக்கழகப் பதிவுப் பிரிவின் மூன்றாவது கவுண்டரில் கண்ணாடி உடைந்தது.

பாதுகாப்பு அலுவலர் வந்து சேர்ந்தபோது தரையில் ஒரு தண்ணீர் பாட்டில் நசுங்கிக் கிடந்தது. பெஞ்சில் ஒரு பெண். இருபது வயது இருக்கும், வேதியியல் மூன்றாம் ஆண்டு. அழவில்லை, அழுது முடித்த முகம்.

பாதுகாப்பு அலுவலர் என்பது அறை வாசல் பலகையில் இருக்கும் பெயர். முப்பத்திரண்டு வருடம் போலீஸில் ஏட்டாக இருந்தவர் என்பதால் வளாகத்தில் எல்லாருக்கும் அவர் ஏட்டய்யா. அவர் துப்புத் துலக்கிய வழக்கு ஒவ்வொன்றிலும் பத்திரிகைப் படத்துக்கு நின்றவர் வேறு யாரோ ஓர் இன்ஸ்பெக்டர். இங்கே வந்த பிறகு கிடைத்ததெல்லாம் காணாமல் போன செருப்பும், காற்றுப் பிடுங்கப்பட்ட சைக்கிளும்தான். மூளை துருப்பிடித்துக் கிடந்தது.

"என்னம்மா இது?"

"உள்ள பாருங்க சார். அந்த நீலக் கவர். என் சர்டிபிகேட் எல்லாம் அதுலதான் இருக்கு. ஒன்பது நாளா கேட்கிறேன். கண்ணுல காட்டுறாங்க, கையில குடுக்க மாட்டேங்கிறாங்க."

விரிசலுக்குப் பின்னாலிருந்து எழுத்தர் எட்டிப் பார்த்தார். "நான் என்ன பண்ணுவேன் ஏட்டய்யா? நூலகப் புத்தகம் ஒண்ணு நிலுவைனு கம்ப்யூட்டர் காட்டுது. அது திரும்பி வராம கவரைக் குடுத்தா என் சீட்டு கிழிஞ்சிடும்."

"நான் அந்தப் புத்தகத்தை எடுக்கவே இல்லை சார்!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

ஏட்டய்யா பெஞ்சில் உட்கார்ந்து கதையைக் கேட்டார். அப்பா அரசு மருத்துவமனையில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். ஐந்து மாதத்துக்கு முன்னால் வேலையில் இருக்கும்போதே போய்விட்டார். வாரிசுக்கு அலுவலக உதவியாளர் வேலை. அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை, தம்பி எட்டாவது படிக்கிறான். அசல் சான்றிதழ்களோடு இன்று நாலு மணிக்குள் மருத்துவமனை அலுவலகத்தில் நிற்க வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்த குடும்பம். இங்கிருந்து அங்கே போக அரை மணி நேரமாவது ஆகும்.

"அப்போ படிப்பு?"

"இன்னும் ஒரு செமஸ்டர்தான் சார்." யாருடைய படிப்பையோ சொல்வது போலச் சொன்னாள்.

"மணி பத்தரைதான் ஆகுது. பதறாதே. ஆளைப் பிடிச்சா கவர் தன்னால வரும்."

எழுந்து கண்ணாடி வழியே திரையைப் பார்த்தார். புத்தகம் வழங்கப்பட்ட நாள் பன்னிரண்டாம் தேதி. நேரம், பிற்பகல் 1.22. புத்தகம், 'உயர்கல்வியும் உயர்ந்த உள்ளங்களும்: துணைவேந்தரின் உரைத் திரட்டு'. முந்நூறு பிரதி அச்சாகி, வெளியீட்டு விழா மேடையிலிருந்து நேராக நூலக அலமாரிக்குப் போய்ச் சேர்ந்த நூல் அது. அதைப் படித்ததாக இதுவரை துணைவேந்தர்கூடச் சொன்னதில்லை.

ஏட்டய்யாவின் மீசை லேசாகத் துடித்தது. யாரும் தொடாத புத்தகத்தை, எடுக்காத ஒருத்தி எடுத்திருக்கிறாள். கேஸ்!

கவுண்டர் பக்கச் சுவரில் 'விலக விரும்புவோர் கவனத்திற்கு' என்று ஒன்பது விதிகள். இரண்டாவது மட்டும் தடித்த எழுத்தில்: படிவத்தில் முதல் கையொப்பம் நூலகத்தினுடையது; பிறகு ஆய்வகம், விடுதி, துறைத் தலைவர்; கடைசியில் பதிவுப் பிரிவு. மற்றவை பொடி எழுத்து. மூக்குக் கண்ணாடி அறையில் இருந்தது. விட்டுவிட்டார்.

"பன்னிரண்டாம் தேதி மத்தியானம் நீ எங்கம்மா இருந்தே?"

"வெத்துப் படிவம் வாங்கிட்டு நேரா நூலகம்தான் போனேன். அங்கே இருக்கிற அக்கா 'ஏன்மா போறே'னு கேட்டாங்க. இங்க யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாங்க சார், அவங்கதான் கேட்டாங்க. சாயங்காலம் வா, கையெழுத்துப் போடறேன்னாங்க. சாயங்காலம் போனா புத்தகம் நிலுவைனு வருது."

11.30. மாணவர் தக்கவைப்பு இயக்கத்தின் தலைமை அலுவலகம்.

மாணவர்கள் பாதியில் ஓடாமல் ஒட்டவைப்பதே இயக்கத்தின் நோக்கம் என்பதால் அதன் தலைவரான பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் கோந்து. சுவர் முழுக்க ஒட்டுப்பலகையில் வெட்டிய 'கனவு மரம்'. மாணவர்கள் தங்கள் கனவைப் பச்சைக் காகித இலையில் எழுதி ஒட்ட வேண்டும். இலைகளில் பாதி ஒரே கையெழுத்தில் இருந்தன.

கோந்து கண்ணாடி முன்னால் நன்றியுரை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு மணிக்கு விருது, ஏட்டு சார். நாலு வருஷத்துல நூத்தி நாப்பது பேரை விலகாம தக்கவெச்சிருக்கோம். பட்டம் முடிக்கிறவங்க விகிதம் ஏழு புள்ளி ஏறியிருக்கு. எல்லாம் நம்ம மொபைல் ஆப், நம்ம மரம்."

"உங்க கம்ப்யூட்டர்ல இருந்து யார் பேர்லயும் நூலகப் புத்தகம் ஏத்த முடியுமா?"

"எல்லாத் தரவும் என் விரல் நுனியில."

ஆதாயமும் இருக்கிறது, வசதியும் இருக்கிறது. ஏட்டய்யாவுக்கு விலங்கின் சத்தமே கேட்டுவிட்டது.

"விலகப் போறவங்க யாருனு உங்களுக்கு எப்போ தெரியும்?"

"வருஷக் கடைசியில பட்டியல் வரும்."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி எதுக்கு? அதான் ஆப் இருக்கே."

"ஆப்ல யாராவது 'போறேன்'னு சொல்லியிருக்காங்களா?"

"ஒருத்தர்கூட இல்லை. அதுவே வெற்றிதானே?"

12.40. எழுத்தரைத் தாஜா பண்ணி ஏட்டய்யா ஒரு பட்டியல் எடுத்தார். நாலு வருடத்தில் உரைத் திரட்டை 'எடுத்தவர்கள்' இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேரும் விலகல் படிவம் வாங்கியவர்கள். அத்தனையும் மதிய இடைவேளையில் ஏறிய பதிவுகள். அதில் நூற்று முப்பத்தேழு பேர் அப்புறம் விலகவே இல்லை. இந்தப் பெண் நீங்கலாக மீதிப் பேருக்கு இரண்டு வாரம் கழித்து 'புத்தகம் திரும்பியது' என்று பதிவாகியிருந்தது. போய்விட்டார்கள்.

பெஞ்சிலிருந்து அந்தப் பெண் எழுந்து நின்றாள். "சார், நாலு மணி..."

"இன்னும் மூணு மணி நேரத்துக்கு மேல இருக்கேம்மா. சாப்பிட்டியா?"

தலையாட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா, அவர் கவனிக்கவில்லை.

1.30. நூலகத்தின் பின்பக்க அலமாரி. ஏட்டய்யா குந்தியபடி எண்ணினார். முந்நூறும் இருந்தது. மேலே படிந்த தூசி விரல் தடிமன், ஒரு கைரேகை கிடையாது. பத்துப் பிரதிகளை உருவிப் பின் அட்டையைத் திறந்தார். தேதி முத்திரை குத்தும் சீட்டு பத்திலும் வெள்ளை வெளேர்.

அப்போதே விடை அவர் கையில் இருந்தது. பத்தடி நடந்தால் ஆள். ஆனால் துப்பறிவாளர் விடையைச் சொல்வதற்கென்று ஒரு முறை இருக்கிறதே. எல்லாரையும் ஒரே அறையில் கூட்டி, மெதுவாக உலாவி, கடைசியில் விரலை நீட்ட வேண்டும். கோந்து சாப்பிடப் போயிருந்தார். எழுத்தருக்கு இடைவேளை. ஏட்டய்யா காத்திருந்தார்.

2.30. நூலக வாசிப்பறை. கோந்து, எழுத்தர், அந்தப் பெண், கவுண்டர் உதவியாளரான அக்கா. ஐம்பது வயதுக்காரி, மேசை மேல் முத்திரை, மைப் பெட்டி.

ஏட்டய்யா உலாவினார்.

"முதல் கேள்வி. ஏன் உரைத் திரட்டு? வேற புத்தகமா இருந்தா நிஜமா படிக்கிறவன் கேட்டு வந்துடுவான். இதைக் கேட்டு ஒரு ஈ காக்கா வராது."

கோந்து செருமினார்.

"ரெண்டாவது. முந்நூறு பிரதியும் அலமாரியில இருக்கு. தூசி கலையல, சீட்டுல முத்திரை இல்லை. அதனால புத்தகம் வெளிய போகவே இல்லை. போனது பதிவு மட்டும்தான்."

"அப்போ என் ஆபீஸ்ல யாரோ..." கோந்து எழுந்தார்.

"உட்காருங்க சார். யார் விலகப் போறாங்கனு உங்களுக்கு வருஷக் கடைசியிலதான் தெரியும். எழுத்தர் வெத்துப் படிவத்தை நிமிர்ந்து பார்க்காமலே நீட்டுவார், பேரோட அது அவர் கைக்குக் கடைசியிலதான் வரும். ஆனா இந்தப் பொண்ணு வெத்துப் படிவத்தோட நடந்த அன்னிக்கு மத்தியானமே பதிவு ஏறியிருக்கு. அப்போ அவ போறானு தெரிஞ்சவங்க ஒருத்தர்தான். விதி ரெண்டு, முதல் கையொப்பம் நூலகம்." விரலை நீட்டினார். "நீங்கதானே?"

அக்கா மறுக்கவில்லை.

"ஆமாண்ணா. நான்தான்."

"ஏன்?"

"செமஸ்டர் கடைசியில இந்த மேசையில நாப்பது, அம்பது படிவம் அடுக்கா வரும். பேரெல்லாம் படிக்க மாட்டேன். கம்ப்யூட்டர்ல நம்பரைத் தட்டுவேன், நிலுவை இல்லைனா குத்துவேன், தள்ளுவேன். ஏழு வருஷம் முன்னாடி ஒரு அடுக்கு. நடுவுல ஒண்ணு..." மைப் பெட்டியை மூடினாள். "என் பையனோடது. நாலு மாசம் தினமும் டிபன் கட்டிக் குடுத்து காலேஜுக்கு அனுப்பியிருக்கேன். அவன் எங்கேயோ கோடௌன்ல மூட்டை எண்ணிட்டிருந்தான். விஷயம் தெரிஞ்சு இங்க வந்து கோப்பை எடுத்துப் பார்த்தா என் முத்திரை, என் கையெழுத்து. 'நீயும்தானே போகச் சொன்னே'னு கேட்டான். இப்போ எந்த ஊர்ல இருக்கான்னே தெரியல."

அக்கா முத்திரையை மேசை ஓரத்துக்கு நகர்த்தினாள்.

"அதுக்கப்புறம் யார் படிவம் கொண்டு வந்தாலும் ரெண்டு வாரம் புத்தகம் தேடச் சொல்வேன். தேடற சாக்குல வருவாங்க. உட்காரச் சொல்வேன். என்னடா ஆச்சுனு கேட்டா போதும், கொட்டிடுவாங்க. பாதிப் பேருக்கு மேல படிவத்தை இங்கேயே கிழிச்சுப் போட்டிருக்காங்கண்ணா."

"நூத்தி முப்பத்தேழு பேர்," என்றார் ஏட்டய்யா.

கோந்து மனக்கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிந்தது. அவருடைய நூற்று நாற்பதில் மீதி மூன்று பேரை மரம் பிடித்து வைத்திருக்கலாம். "இது... இது மேடையில சொல்ல வேண்டாம்," என்று சொல்லிவிட்டு விருதுக்குக் கிளம்பினார்.

அக்கா அந்தப் பெண்ணைப் பார்த்தாள். "நாலு மணிக் கெடுனு நீ சொன்னே. இன்னும் ஒரு செமஸ்டர்தானே, எப்படியாவது இருக்க வெச்சிடலாம்னு நெனச்சேன். கெடு இருக்குனு எல்லாரும்தான் சொல்வாங்க. நம்பலடி கண்ணு."

"நீங்க ஒருத்தர்தான்க்கா ஏன்னு கேட்டீங்க," என்றாள் அவள். அதில் கோபம் இருந்திருந்தால் அக்கா தாங்கியிருப்பாள்.

ஏட்டய்யா கடிகாரத்தைப் பார்த்தார். 2.58. "சரி, நிலுவையை எடுங்க. எழுத்தரே, கவர்."

"நிலுவை போனாலும் படிவம் இன்னும் நாலு இடம் சுத்தணுமே ஏட்டய்யா. அவசரம்னா விதி ஒன்பதுதான்."

"அதென்ன ஒன்பது?"

"வெள்ளைத் தாள்ல ஒரு வேண்டுகோள். பதிவாளர் கையெழுத்து. நிலுவை இருந்தாலும் மூணு நாளைக்கு அசலைக் கையில குடுத்திடலாம். பத்து நிமிஷ வேலை."

"யோவ், இதைக் காலையிலேயே சொல்றதுக்கு என்னய்யா?"

"நீங்க கேட்கலையே. புத்தகத்தை யாரு ஏத்தினானுதானே கேட்டீங்க?"

ஏட்டய்யா கையிலிருந்த பட்டியலை மடித்துப் பையில் வைத்தார். காலை பத்தரைக்கு அந்தப் பெண் கேட்டது ஒரு கவர். அவளுக்கு அவர் தேடிக் கொடுத்திருப்பது ஒரு குற்றவாளி. அவளுக்குக் குற்றவாளியால் என்ன உபயோகம்?

பதிவாளர் விழா மேடையில் இருந்தார். மேடைக்குப் போகும் வழியில் மூன்று பேர் ஏட்டய்யாவைத் தடுத்தார்கள். அவர்கள் அவருடைய ஆட்கள்தான். விழாவின்போது யாரையும் விடக்கூடாது என்று உத்தரவு போட்டவரும் அவர்தான். "ஒருவரும் விலகாத வளாகம்" என்று கோந்து மைக்கில் முழங்கிக்கொண்டிருந்த நேரத்தில், பதிவாளர் தாளைப் படிக்காமலே முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். 3.31.

ஏட்டய்யாவின் ஸ்கூட்டரில் பின்னால் அவள் நீலக் கவரை அணைத்துப் பிடித்திருந்தாள். இரண்டு சிக்னலை ஏட்டய்யா மதிக்கவில்லை. மூன்றாவதில் லாரி குறுக்கே நின்றது.

4.13. மருத்துவமனை அலுவலகம்.

ஜன்னலுக்குள் இருந்த அம்மாள் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஏட்டய்யா சத்தமாவது போட்டிருக்கலாம். "நாலு பத்து வரைக்கும் பிடிச்சு வெச்சிருந்தேன்மா. மழை நாள்ல உங்கப்பா எத்தனையோ தடவை என்னை வீட்ல இறக்கி விட்டிருக்கார். அதுக்கு மேல முடியல. பட்டியல் மேல போயிடுச்சு. அடுத்தவங்களுக்குப் போனும் பண்ணியாச்சு."

"நடந்ததை நான் எழுதித் தரேன் மேடம். சாட்சி இருக்கு. ஆதாரம் இருக்கு. ஆளே ஒத்துக்கிட்டாங்க."

"யார் மேல தப்புனு இங்க யாரும் கேட்க மாட்டாங்க சார். நாலு மணிக்கு வந்தாங்களா, இல்லையா. அவ்வளவுதான்."

வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று கழுவப்பட்டுக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்காத பக்கமாகப் படியில் உட்கார்ந்தாள். மடியில் நீலக் கவர்.

"இதை மூணு நாள்ல திருப்பிக் குடுக்கணும்ல சார்?"

"ஆமாம்மா."

"நாளைக்கே குடுத்திடறேன். இனிமே எனக்கு எதுக்கு?"

அப்படியென்றால் வகுப்புக்குப் போவாளா, வேறு கூலி வேலை தேடுவாளா, அவர் கேட்கவில்லை. விலகல் படிவம் எந்த மேசைக்கும் போய்ச் சேராததால் அந்த வருடக் கணக்கில் அவள் தக்கவைக்கப்பட்டவள்.

அவள் கவரை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"சார், அம்மா தெருமுனையிலேயே நின்னுட்டிருப்பாங்க. நான் சொன்னா அவங்களுக்குப் புரியாது. நீங்க வந்து சொல்றீங்களா?"

"என்னனு சொல்றதும்மா?" என்றார் ஏட்டய்யா.

அவளுக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் ஸ்கூட்டரை நோக்கி நடந்தார்கள்.