ராஜாவை விட்டுப் போன ஜனங்கள்

நாளை மாலை சுங்குவார்சத்திரம் சர்ச்சில் நாடகம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் லீடர் கவியாதான் ராஜா. பழைய ஏற்பாட்டில் வரும் சாலொமோனின் மகன் வேடம். பாரத்தைக் குறைக்கச் சொல்லி வந்த ஜனங்களை அந்த ராஜா மிரட்டுவான். அவர்கள் அவனை விட்டுப் போய்விடுவார்கள்.

ஆனால் ஜனங்கள் ஒத்திகைக்கு நேரத்தில் வந்தால்தானே! இன்றும் ஜனங்களில் ஒருவனான பேச்சிராஜ் ஒரு மணி நேரம் தாமதம்.

கவியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“போன வருசம் எங்கண்ணன் லீடரா இருந்தப்ப லேட்டா வந்தா தோப்புக்கரணம்தான். நான் முட்டி போட வைப்பேன்!”

பேச்சிராஜ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்.

“பேசாத! நாடக வசனத்த மட்டும் பேசு!”

ஒத்திகை தொடங்கியது. அட்டைக் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு கவியா முழங்கினாள். “என் அப்பா உங்களைச் சாட்டையால் அடித்தார். நான் தேள்களால் தண்டிப்பேன்!”

“இனி உனக்கும் எங்களுக்கும் பேச்சில்லை!” என்று ஜனங்கள் வெளியே போனார்கள். பிரமாதமாகப் போனார்கள்.

பத்து நிமிடம் ஆயிற்று. கடைசியில் கும்பிட ஒருவரும் திரும்பி வரவில்லை.

கவியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணன் தோப்புக்கரணம், நான் முட்டி. அப்பா சாட்டை, நான் தேள். ஐயோ, இரண்டும் ஒரே பேச்சு! அந்த ராஜாவை மடையன் என்று இத்தனை நாள் சிரித்தவளும் அவள்தான்.

நாடகத் தாளைப் புரட்டினாள். முதல் காட்சியிலேயே பெரியவர்கள் ராஜாவுக்குப் புத்தி சொல்கிறார்கள்: ஜனங்களிடம் அன்பாகப் பேசு, என்றைக்கும் உன்னோடு இருப்பார்கள். நேரம் போதாதென்று அந்தக் காட்சியை வெட்டியதே கவியாதான்!

வெளியே ஓடினாள். எல்லோரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

“இன்னா ராஜா, தேளு எங்க கீது?” என்றாள் ரஞ்சனி.

கவியா கிரீடத்தைக் கழற்றினாள். “நான் பேசுனது தப்பு. ஏன் லேட்டுன்னு கேக்கவே இல்ல. இப்பச் சொல்லு, பேச்சிராஜ்.”

“எங்கம்மா கம்பெனி பஸ்ஸு அஞ்சு மணிக்குத்தான் வருது. அதுவரைக்கும் எந்தங்கச்சிய ஆரு பாத்துக்கிடுவா? நாளைக்கும் அம்மைக்கு ஓவர்டைமு, வர லேட்டாவும்.”

“அப்ப பாப்பாவயும் தூக்கிட்டு வா. ஜனங்கள்ல ஒரு ஆள் கூடட்டும்.”

வெட்டிய காட்சி அன்றே நாடகத்தில் திரும்பச் சேர்ந்தது.

மறுநாள் மேடையில் ராஜா மிரட்டினான். ஜனங்கள் கோபமாக வெளியே போனார்கள். கடைசியில் எல்லோரும் மேடைக்குத் திரும்பி வந்து சபையைக் கும்பிட வேண்டும். கவியா மேடையில் உட்கார்ந்து, கழற்றிய கிரீடத்தை மடியில் வைத்தபடி வாசலைப் பார்த்தாள்.

எல்லோருக்கும் முன்னால் தவழ்ந்து வந்து, கிரீடத்தைப் பிடுங்கிக் கடித்தது பேச்சிராஜின் தங்கச்சிப் பாப்பா.