முக்காலி மேல் கமல்

முசரவாக்கத்தில் விளக்கு வைக்கிற நேரமானால் போதும், எல்லா வீட்டிலும் யாராவது பாடுவார்கள். யாராவது அழுவார்கள். எல்லாம் டிவிக்குள்தான்.

ஒரு சேனலில் பாட்டுப் போட்டி. மாற்றினால் ஆட்டப் போட்டி. அதையும் மாற்றினால் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து ஆடுகிற போட்டி. தோற்றவர் அழுவார். ஜெயித்தவரும் அழுவார். நடுவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். டிவிக்காரர்கள் ஒரே முகத்தைத் திரும்பத் திரும்பக் காட்டி, ‘டண் டண் டண்’ என்று தட்டுவார்கள்.

“கண்ணுல தண்ணியே வர்ல, சும்மா தொடைச்சிக்கிறாங்க” என்றாள் சுகாசினி. ஆறாம் வகுப்புப் பெண் சொல்வதை யார் கேட்கிறார்கள்?

அவளுக்கு அலுத்துவிட்டது. அந்தச் சனியன் டிவிக்கு வெளியேயும் வந்துவிட்டது. அம்மா வைத்த குழம்புக்கு அப்பா பத்துக்கு ஏழு போட்டார். அடுத்த நாள் அம்மா குழம்பே வைக்கவில்லை.

தம்பி கமல் ஒன்றாம் வகுப்பு. குளிக்கும்போது பாடுவான். கோழியைத் துரத்தும்போது பாடுவான். அதுதான் வம்பாகிவிட்டது.

“பசங்க பாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்கிறாங்களாம். ஞாயித்துக்கிழமை மெட்ராஸ் போறோம்” என்றார் அப்பா அந்தோணி.

அன்று முதல், விளம்பரம் வரும்போதெல்லாம் கமல் முக்காலி மேல் ஏறிப் பாட வேண்டும். அப்பாவும், அம்மா சம்பூர்ணமும், பக்கத்து வீட்டு ஏலவார்குழலி அக்காவும் பாயில் உட்கார்ந்து மார்க் போடுவார்கள்.

“ஃபீல் பத்தலபா” என்பார் அக்கா. ஃபீல் என்றால் என்னவென்று அவருக்கும் தெரியாது.

“சிரிச்சிக்கினே பாடுடா” என்பாள் அம்மா.

கமல் குளிக்கும்போது பாடுவதை நிறுத்திவிட்டான். கவனித்தவள் சுகாசினி மட்டும்தான்.

“ஏன்டா பாடல?”

“மார்க் போடுவாங்கக்கா.”

சனிக்கிழமை அப்பா, தறியில் நெய்து முடித்த பட்டுச்சேலையை ஒப்படைக்கக் காஞ்சிபுரத்துக் கடைக்குப் போனார். சுகாசினியும் கூடப் போனாள்.

கணக்குப்பிள்ளை கோதண்டபாணி சேலையை வெளிச்சத்தில் பிடித்துத் தடவித் தடவிப் பார்த்தார்.

“இங்க இழை தூக்கினு நிக்குது. போன சேலை மாதிரி இல்லையே, அந்தோணி.”

அப்பா இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு, கால் பெருவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டார்.

“ராப்பகலா நெய்ஞ்ச சேலை. ஒரு நிமிஷத்துல சொல்லிட்டாரு” என்றார்.

அன்று சாயங்காலமும் முக்காலி. தூக்கக் கலக்கத்தில் கமலுக்குப் பாதிப் பாட்டில் வரி மறந்துபோனது.

“போச்சு! நாளைக்கு இப்டி நின்னா எலிமினேஷன்தான்!” என்றார் அக்கா.

கமல் இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு, கால் பெருவிரலால் முக்காலியைத் தேய்த்தான்.

சுகாசினி அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, அவன் காலைப் பாரு.”

“இன்னாம்மா?”

“கடையில நீ இப்டித்தாம்பா நின்னுக்கினு இருந்தே.”

அப்பா கமலின் காலைப் பார்த்தார். கையைப் பார்த்தார். பிறகு, பாயில் சம்மணம் போட்டிருந்த தன்னையே ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

விளம்பரம் முடிந்து, ‘டண் டண்’ என்றது டிவி. மூன்றாவது ‘டண்’ வருவதற்குள் அப்பா எழுந்து டிவியை அணைத்துவிட்டார்.

“இன்னாண்ணே, ரிசல்ட் சொல்ற நேரத்துல!” என்று அலறினார் அக்கா.

“உன் வூட்ல போய்ப் பாரும்மா. புள்ளைக்குத் தூக்கம் வருது.”

அப்பா கமலை முக்காலியிலிருந்து தூக்கிக்கொண்டார்.

“மெட்ராஸ் வேணாமாப்பா?”

“வேணாண்டா.”

“அப்ப நான் ஃபெயிலா?”

“போட்டியே இல்லடா. அப்பறம் இன்னா ஃபெயிலு?”

கமல் அப்பாவின் தோளிலேயே தூங்கிப்போனான்.

மறுநாள் காலை, குளிக்கிற மறைப்புக்குள்ளிருந்து பாட்டு கேட்டது. வரி தப்பு. ராகமும் தப்பு.

“ஃபீலு...” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஆரம்பித்தார் ஏலவார்குழலி அக்கா.

“யக்கா, உன் அடுப்புல சோறு தீயுது பாரு!” என்றாள் சுகாசினி.

அக்கா உள்ளே ஓடினார். கமல் இன்னொரு சொம்பு தண்ணீரை ஊற்றிக்கொண்டு, அடுத்த தப்பை இன்னும் சத்தமாகப் பாடினான்.