வேனில் மறந்த கோழி

திங்கட்கிழமை காலை ஃபிரிட்ஜைத் திறந்த பெர்லா ஒவ்வொரு தட்டாகத் தேடினாள். பால் இருந்தது. முட்டை இருந்தது. பாதி வெங்காயம்கூட இருந்தது. கோழியைத்தான் காணோம்.

முந்தின நாள் சாயங்காலம் ஆற்றங்கரையில் அப்பா, பெர்லா, தம்பி ரெமி மூன்று பேரும் ஒரு முழு கிரில் சிக்கன் வாங்கிச் சாப்பிட்டார்கள். பாதிதான் தீர்ந்தது.

"வீட்டுக்குப் போனதும் மீதிக் கறிய எலும்புல இருந்து பிச்சு, டப்பால போட்டு ஃபிரிட்ஜ்ல வச்சிடு பெர்லா. நாளைக்கு ரொட்டியில சுருட்டி எடுத்துட்டுப் போங்க. எலும்பு சூப்புக்கு ஆகும்" என்று அப்பா சொன்னார்.

"சரிப்பா" என்று பெர்லாவும் சொன்னாள். ஆனால் வீடு வந்ததும் ரெமி, "அவசரம்! அவசரம்!" என்று குதித்தான். அவனை இழுத்துக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடியதில் கோழி மறந்தே போனது. வேன் கதவைப் பூட்டவும் மறந்துபோனது.

அந்தக் கொலராடோ மலையூரில் சாப்பாட்டை வண்டியில் விடக்கூடாது என்பது ஐந்து வயது ரெமிக்குக்கூடத் தெரியும். அதுவும் இலையுதிர் காலத்தில். குளிர்காலத் தூக்கம் போடுவதற்கு முன்னால் கரடிகள் கிடைத்ததையெல்லாம் தின்று தீர்க்கும் நேரம் அது.

அப்பா பார்ப்பதற்குள் எடுத்து வந்துவிடலாம் என்று வேன் சாவியை எடுத்தாள் பெர்லா. வாசல் கதவின் பிடியில் கை வைத்தாள்.

பாம்ம்ம்ம்!

வெளியே வேனின் ஹாரன் அலறியது. பெர்லாவின் கை அப்படியே நின்றது.

"ரெமி! வண்டியில என்னடா விளையாட்டு? இறங்குடா கீழ!" என்று கத்தியபடி அப்பா அறையிலிருந்து வந்தார்.

"நான் இங்கதானேப்பா இருக்கேன்" என்றான் ரெமி, வாய் நிறையப் பற்பசை நுரையோடு.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹாரன் மறுபடியும் அடித்தது.

பெர்லா சமையலறை ஜன்னலின் திரையை மெல்ல விலக்கினாள். டிரைவர் சீட்டில் ஒரு கரடிக்குட்டி உட்கார்ந்திருந்தது. வண்டி ஓட்டப் பழகுவதுபோல் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தது.

ரெமிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்பா, அதுக்கு லைசென்ஸ் இருக்கா?"

அவன் கேட்டு முடிப்பதற்குள் வேனின் அந்தப்பக்கம் கறுப்பாக ஏதோ எழுந்தது. எழுந்துகொண்டே போனது. வேனின் கூரைக்கு மேலே ஒரு பெரிய தலை தெரிந்தது.

ரெமியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அதோட அம்மா" என்றார் அப்பா. ரெமியை ஜன்னலிலிருந்து பின்னுக்கு இழுத்தார். "கைப்பிடிய இழுத்துத் திறந்திருக்கு. குட்டி உள்ள ஏறினதும், சரிவுல நிக்கிற வண்டியாச்சே, கதவு தானா சாத்திக்கிச்சு."

குட்டி உள்ளிருந்து கண்ணாடியைப் பிறாண்டி அழுதது. தாய்க்கரடி வேனின் மேல் இரண்டு கைகளாலும் ஓங்கி அடித்தது. வேன் தொட்டில்போல ஆடியது.

அப்பா அவசர உதவிக்குப் போன் செய்தார். மறுமுனையில் ஒரு பெண் பேசினார். "மலைப்பாதையில ஒரு லாரி குறுக்க நிக்குது சார். எங்க ஆளுங்க வர அரைமணி நேரம் ஆகும். யாரும் வெளிய போயிடாதீங்க. வண்டியில சாப்பாடு ஏதாவது இருக்கா?"

"சாப்பாடா? இல்லையே. நாங்க அப்படியெல்லாம் விடமாட்டோம்" என்றார் அப்பா.

பெர்லா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். சொன்னால் அப்பா என்ன சொல்வாரோ! ஆனால் வெளியே குட்டி அழுதுகொண்டே இருந்தது.

"இருக்குப்பா" என்றாள். "கோழி. நான்தான் எடுக்க மறந்துட்டேன்."

அப்பா அவளையே ஒரு கணம் பார்த்தார். பிறகு போனில், "பாதிக் கோழி இருக்கும்மா. முன்சீட்டுல" என்றார். அவ்வளவுதான்.

அப்போதுதான் பெர்லாவுக்கு இன்னொன்று உறைத்தது.

"அப்பா! ஓடெட் வர்ற நேரம்!"

ஓடெட் பக்கத்து வீட்டுப் பெண், பெர்லாவின் வகுப்புத்தோழி. தினமும் விறகுக் கொட்டகைக்குப் பின்னால் போகும் ஒற்றையடிப் பாதை வழியாக வந்து, இவர்கள் வேனில்தான் பள்ளிக்குப் போவாள். அந்தப் பாதையிலிருந்து பார்த்தால் வேனின் அந்தப்பக்கம் தெரியவே தெரியாது.

அப்பா அவள் வீட்டுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"நான் வெளிய போய் பாத்திரத்தத் தட்டி அத விரட்டிப் பாக்குறேன்" என்று அப்பா வாணலியைக் கையில் எடுத்தார்.

"வேணாம்பா! குட்டிய விட்டுட்டு அது எங்கயும் போகாது. உங்க மேலதான் பாயும்."

பேசும்போதே தன் கையிலிருந்த சாவி பெர்லாவுக்கு ஞாபகம் வந்தது. அதில் நான்கு பொத்தான்கள். ஒன்றை அழுத்திப் பிடித்தால் வேனின் பக்கவாட்டுக் கதவு தானாகவே நகர்ந்து திறக்கும்.

"குட்டிய வெளிய விட்டுட்டா ரெண்டும் போயிடும்ப்பா!"

ஜன்னல் வழியாகவே அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. தூரம் அதிகம்.

"பாத்ரூம் ஜன்னல்" என்றார் அப்பா. வேனுக்கு அதுதான் கிட்டே. ஆனால் அது உயரத்தில் இருந்தது. நான்கு விரல் அகலம்தான் திறக்கும். அப்பாவின் கை முழங்கையோடு சிக்கிக்கொண்டது.

"என்னைத் தூக்குங்கப்பா" என்றாள் பெர்லா. அப்பா சாவியை அவளிடம் கொடுத்து, அவளை இடுப்போடு இறுக்கிப் பிடித்துத் தூக்கினார்.

பெர்லா கையைத் தோள்வரை வெளியே நீட்டினாள். தாய்க்கரடி திரும்பிப் பார்த்தது. அதன் மூச்சு ஆவியாகப் பறந்தது. ஈரக் கம்பளி நாற்றம் அவள் மூக்கில் ஏறியது. கையை உள்ளே இழுத்துக்கொள் என்று அவள் உடம்பெல்லாம் கத்தியது.

"ஓடெட் வர்றா! ஓடெட் வர்றா!" என்று சமையலறையிலிருந்து ரெமி அலறினான்.

"ஓடெட், நில்லு!" பெர்லா தன் குரல் இவ்வளவு பெரிதாக வரும் என்று நினைத்ததே இல்லை. "கரடி! ஓடாத! அப்படியே மெதுவா பின்னாடி போ!"

கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புத் தொப்பி சட்டென்று நின்றது. தாய்க்கரடியின் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது.

பெர்லா பொத்தானை அழுத்தினாள். ஒன்றுமில்லை. கையை இன்னும் எட்டி நீட்டினாள். ஜன்னல் விளிம்பு தோளில் அழுந்தியது. கட்டைவிரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தாள்.

பீப். பீப். பீப்.

வேனின் பக்கவாட்டுக் கதவு மெல்ல நகர்ந்து திறந்தது. தாய்க்கரடி திடுக்கிட்டுத் தள்ளி நின்றது. ஆனால் குட்டி வெளியே வரவில்லை. சத்தத்துக்குப் பயந்து பின்சீட்டுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது.

"ஐயோ, வெளிய வாடா" என்றாள் பெர்லா. அதட்ட வரவில்லை அவளுக்கு. தன்னைவிட அது அதிகமாகப் பயந்திருக்கிறது என்று தோன்றியது. "வாடா செல்லம். உன்னை ஒண்ணும் பண்ணமாட்டோம். அம்மா நிக்கிறாங்க பாரு."

தாய்க்கரடி நாக்கைச் சொடுக்குவதுபோல ஒரு சத்தம் எழுப்பியது. சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. பிறகு காதுகள். பிறகு முழுக் குட்டியும் தொப்பென்று தரையில் குதித்தது. வாயில் கோழி வாங்கிய பெட்டி! அதை மட்டும் விடவில்லை.

தாய் குட்டியைத் தலை முதல் வால் வரை முகர்ந்தது. இரண்டும் பைன் மரங்களுக்குள் போய் மறைந்தன.

அப்பா பெர்லாவைக் கீழே இறக்கினார். ஆனால் பிடியை விடவில்லை.

"பயந்துட்டியா?"

"இப்பவும் பயமாதான் இருக்குப்பா."

"எனக்கும்தான்" என்றார் அப்பா.

ஓடெட் வெலவெலத்துப் போய் உள்ளே வந்தாள். தொப்பி ஒரு காதை மூடியிருந்தது. "நீ மட்டும் கத்தலன்னா நேரா அது மடியிலதான் போய் உக்காந்திருப்பேன்டி" என்றாள். பிறகு இரண்டு பேரும் ஏன் என்று தெரியாமலே அழுதார்கள்.

ஒருவழியாக வந்து சேர்ந்த காவலர் வேனை எட்டிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். சீட்டுப் பஞ்சு எங்கும் சிதறிக் கிடந்தது. "யாரு கதவத் திறந்தது?" என்று கேட்டார்.

"எங்க அக்கா!" என்றான் ரெமி. "ஆனா கோழிய வச்சதும் அவதான்."

அன்று மாலை அப்பா இன்னொரு கோழி வாங்கி வந்தார். வேன் நின்றதும் நிற்காததுமாகப் பெர்லா பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்த அம்மாவும் ஓடெட் வீட்டாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, காலையில் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். ரெமி சொல்லும்போது மட்டும் கரடிகள் நான்கு ஆயின.

கோழியின் எலும்புகள் பச்சை மிளகாயோடும் உருளைக்கிழங்கோடும் அடுப்பில் கொதித்தன. சூப்பு பரிமாறி முடிந்ததும் ரெமி ரொட்டித் துண்டால் பானையை வழித்து நக்கினான்.

பெர்லா பானைக்குள் எட்டிப் பார்த்தாள். எடுத்து வைக்க ஒரு சொட்டுகூட மிச்சமில்லை. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.