தண்ணி வச்சாச்சு

வாசல் மணி அடித்ததும் அருளப்பன் கதவைத் திறக்கப் போகவில்லை. அடுப்படிக்குப் போனார். இருப்பதிலேயே பெரிய பாத்திரத்தில் கழுத்துவரை தண்ணீர் பிடித்து மெல்லடுப்பில் ஏற்றினார். பழக்கதோஷத்தில் மூடியைக் கையில் எடுத்தவர், இது எதுக்கு என்று திரும்ப அலமாரியிலேயே வைத்தார். மூடி போட்டால் சீக்கிரம் கொதித்துத் தொலைக்கும். அடுப்பின் நீல விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டு பிறகுதான் போய்க் கதவைத் திறந்தார்.

“தண்ணி வச்சாச்சாப்பா?” என்று கேட்டுக்கொண்டே மகள் ஜெனிட்டா உள்ளே வந்தாள்.

“வச்சாச்சு, வச்சாச்சு. வா மக்கா.”

தூத்துக்குடியில் இப்போதெல்லாம் யாரும் ‘சௌக்கியமா’ என்று கேட்பதில்லை, ‘தண்ணி வச்சாச்சா’ என்றுதான் கேட்கிறார்கள். வெயில் ஐம்பத்திரண்டு டிகிரியைத் தொட்ட பிறகு ஊர் மொத்தமும் குளிரகங்களுக்குள் குடிபுகுந்துவிட்டது. வீட்டுக்கு இத்தனை பேர், பேருக்கு இத்தனை குளிர் என்று அளந்துதான் விடுகிறார்கள். மனித உடம்பு இருக்கிறதே, அது ஒரு நடமாடும் கணப்பு. சும்மா உட்கார்ந்திருந்தாலே அந்தக் காலத்துக் குண்டு பல்பு அளவுக்குச் சூடு விடும். வீட்டில் ஒரு ஆள் கூடினால் அந்தச் சூட்டை யார் சுமப்பது? அதற்காகக் கதவுக்குக் கதவு ஒரு வெப்பக்கணக்கி வைத்தார்கள். அந்த வீட்டுக் குடிப்பதிவில் பெயர் இல்லாத யாராக இருந்தாலும் பத்து நிமிடம்தான். அதைத் தாண்டினால் கதவு தானாகத் திறந்துகொள்ளும், விருந்தாளி வெளியேறும்வரை மூடாது. வீட்டுக் குளிர் முழுக்க நடைபாதைக்கு ஓடிவிடும்.

இந்தச் சட்டம் வந்தபோது ஊரே கொதித்தது. வீடு தேடி வந்தவருக்கு ஒரு வாய் காபி கொடுக்காமல் எப்படி அனுப்புவது, நாம் என்ன காட்டுமிராண்டிகளா என்று பெரிய ரகளை. சரி, போகட்டும் என்று ‘உபசரிப்பு விலக்கு’ என ஒரு வரியைச் சேர்த்தார்கள். விருந்தாளிக்காக அடுப்பில் தண்ணீர் இருக்கும்வரை டைமர் ஓடாது, கொதித்த பிறகே ஓடத் தொடங்கும். அதே ஆட்கள்தான் வீட்டு அடுப்புகளின் சூட்டையும் கால்வாசியாகக் குறைத்து மெல்லடுப்பு ஆக்கினார்கள். ஒரு பாத்திரம் தண்ணீர் கொதிக்க முக்கால் மணி நேரம். இரண்டையும் சேர்த்து வைத்துச் சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை, ஊர் நன்றாகவே யோசித்தது. சம்பந்தம் பேசுவதும் சண்டை தீர்ப்பதும் துக்கம் கேட்பதும் எல்லாம் அந்த முக்கால் மணியில் நடந்தன. தண்ணீர் வைக்காத வீடு என்றால் உறவு அறுந்த வீடு என்று அர்த்தம்.

கல்யாணமான மகளும் விருந்தாளிதான். ஏழு மாதத்துக்கு முன்னால், தாலி ஏறிய அன்று சாயங்காலமே ஜெனிட்டாவின் பெயர் ஒன்பதாம் குளிரகத்துக்கு, அவள் மாமியார் வீட்டுப் பதிவுக்கு மாறிவிட்டது. பிறந்து வளர்ந்த வீட்டின் கதவு மறுநாளே அவளைப் பார்த்து ‘விருந்தினர்’ என்றது. அருளப்பனுக்கு அந்த வெப்பக்கணக்கியைப் பிடுங்கிக் கடலில் எறியலாம் போல இருந்தது.

ஜெனிட்டா போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். ரோஸ்லின் கட்டிலில் சாய்ந்தபடி ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றியிருந்தாள். நான்கு வருடத்துக்கு முன் குளிரகத்தில் மின்சாரம் நின்ற ஒரு நாளில் அவளுக்கு வெப்பத்தாக்கு வந்தது. உயிர் பிழைத்தாள், ஆனால் அதோடு வியர்ப்பது நின்றுபோயிற்று. வியர்க்காத உடம்புக்கு ஒரு டிகிரி என்பது பெரிய விஷயம். வீட்டில் எப்போதும் முப்பத்தொன்று. டாக்டர் கேட்டது முப்பது.

“மெலிஞ்சுட்டியேட்டி,” என்றாள் ரோஸ்லின்.

“யம்மா, போன வாரமும் இதத்தான் சொன்னே. அப்படிப் பாத்தா நான் இப்ப இருக்கவே கூடாது.”

மூவரும் சிரித்தார்கள். பிறகு ஊர்க்கதை ஓடியது. அருளப்பன் அவசரப்படவில்லை. மகளை அவருக்குத் தெரியும். அவள் வாயிலிருந்து விஷயம் முதல் அரைமணியில் வராது. பாத்திரத்தின் அடியில் குமிழ் விட்டுத் தண்ணீர் இரையத் தொடங்கும்போதுதான் வரும். மாப்பிள்ளை லயோனலைப் பற்றிக் கேட்டால் ‘இருக்காரு’ என்கிறாள். ‘நல்லா இருக்காரு’ என்று சொல்வதே இல்லை. மூன்று மாதமாக இப்படித்தான். ஏதோ இருக்கிறது.

தண்ணீர் இரையத் தொடங்கியது.

“யப்பா,” என்றாள் ஜெனிட்டா. “ஒண்ணு சொல்லணும்னு…”

அப்போது ரோஸ்லின் துண்டை வாளியில் முக்கிப் பிழியாமலே தலையில் போட்டுக்கொண்டாள். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. அடுப்புச் சூடும் மூன்றாவது ஆளின் சூடும் சேர்ந்து வீடு முப்பத்திரண்டரைக்கு ஏறியிருந்தது. ஜெனிட்டா அம்மாவையே பார்த்தாள்.

“ஒண்ணுமில்லப்பா. காபியப் போடுங்க,” என்றாள்.

அவள் போன பிறகு ரோஸ்லினுக்கு ஜுரம் மாதிரி உடம்பு கொதித்தது. அருளப்பன் ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டார். புதன்கிழமைதோறும் இதே கதைதான்.

மறுநாள் குளிரகச் சங்கத்திலிருந்து இசக்கியம்மாள் வந்தாள். சங்கத்துக்காரர்கள் யார் வீட்டுக்குள்ளும் வருவதில்லை, வாசலிலேயே நின்று பேசுவார்கள். கையில் வாத்துக் கழுத்துப் போல வளைந்த ஒரு குழாய் இருந்தது.

“இது கொதிகுழாய் அண்ணாச்சி. திருப்பினா கொதிக்கக் கொதிக்கத் தண்ணி வரும். கீழ ஒரு சின்ன உறை, அதுக்குள்ளயே சூடு அடங்கிக் கிடக்கும். வெளிய ஒரு துளி கசியாது. சமையலுக்கும் மூடின பெட்டிதான். பழைய அடுப்ப நாங்க எடுத்துக்கிடுவோம்.”

“எடுத்துக்கிட்டா?”

“அடுப்புக்கு ஒதுக்கின குளிர் முழுக்க ஒங்க வீட்டுக்கே. ஒரு டிகிரி குறையும். அக்காவுக்காகத்தான் ஒங்க பேர மொதல்ல எழுதிட்டு வாரேன்.”

அருளப்பன் கொஞ்சம் தயங்கி, “அந்த விலக்கு…” என்று இழுத்தார்.

இசக்கியம்மாள் குழாயைப் பார்த்தபடி சொன்னாள். “அடுப்பு இருந்தாத்தான அண்ணாச்சி விலக்கு. இதுல தண்ணி கொதிக்க நேரமே ஆவாதே. பத்து நிமிசந்தான்.”

அவள் போனதும் உள்ளே இருந்து குரல் வந்தது. “வேண்டாம்னு சொல்லியனுப்புங்க.”

“ஒரு டிகிரி ரோஸ்லின். டாக்டர் கேட்ட அதே ஒரு டிகிரி.”

“எனக்கு டிகிரியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வாரத்துல ஒரு நாள் வாரா எம்பிள்ள. அவள வாசல்ல நிறுத்தி வச்சுப் பேசி அனுப்பவா?”

“புதன்கிழமை ராத்திரி நீ கெடக்கிற கெடப்பு ஒனக்குத் தெரியாது. பாக்கிறவனுக்குத்தான் தெரியும்.”

“அவளுக்கு ஏதோ கஷ்டம் இருக்கு. ஒங்களுக்கும் தெரியும். சொல்றதுக்கு அவளுக்கு நேரம் வேணும்.”

அந்த வாரம் முழுக்க அருளப்பன் அடுப்படியில் நின்று மெல்லடுப்பையே வெறித்துக்கொண்டிருந்தார். மகளுக்கு முக்கால் மணியா, மனைவிக்கு ஒரு டிகிரியா? இப்படி ஒரு கேள்வியை ஒரு குழாய் கேட்கும் என்று யார் கண்டது? அடுத்த புதன் ஜெனிட்டா வந்து போனபின் ரோஸ்லின் பத்து நிமிடம் நினைவில்லாமல் கிடந்தாள். விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “பிள்ள எதுவும் சொன்னாளா?” என்பதுதான். அருளப்பன் எழுந்து போய் இசக்கியம்மாளுக்குச் சரி என்று செய்தி அனுப்பினார். ரோஸ்லின் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

குழாய் வந்தது. வீடு முப்பதுக்கு இறங்கியது. ரோஸ்லின் அன்று மத்தியானம் அசந்து தூங்கினாள், துண்டு காய்ந்து கட்டில் காலில் தொங்கியது. அதைப் பார்த்து அருளப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

புதன்கிழமை. கதவைத் திறந்ததும் வெப்பக்கணக்கியில் சிவப்பாகப் பத்து விழுந்தது. அருளப்பன் ஓடினார். இருப்பதே பத்து நிமிடம், அதில் பிள்ளையைக் காக்க வைக்கக் கூடாதே! குழாயைத் திருப்பினார், ஆவி பறந்தது, ஒரே நிமிடத்தில் நுரை பொங்கக் காபி அவள் கையில் இருந்தது. எவ்வளவு நேரம் மிச்சம் என்று அவருக்கே பெருமை.

ஜெனிட்டா குடித்தாள். நல்லா இருக்குப்பா என்றாள். குழாயைப் பார்த்து அதிசயப்பட்டாள். டம்ளரைக் கழுவி வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, “அப்ப நான் வாரேன்,” என்றாள்.

கதவில் ஐந்து நிமிடம் பாக்கி இருந்தது. இரு என்று சொல்ல வாய் வரவில்லை. அவளுக்கும் உட்கார வரவில்லை. அடுத்த புதனும் அச்சு அசல் அப்படியேதான். இந்தத் தடவை ஆறு நிமிடம் பாக்கி. கதவு மூடிய பிறகு அருளப்பன் காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அட, நம்ம ஊரில் காபி குடித்து முடித்த விருந்தாளி என்ன செய்வார்? எழுந்திருப்பார். டம்ளரைக் கீழே வைத்தால் ‘வாரேன்’ என்றுதான் வாயில் வரும். சின்ன வயதிலிருந்து உடம்பில் ஊறினது. டைமரில் ஐந்து நிமிடம் இருந்தால் என்ன, ஐம்பது நிமிடம் இருந்தால் என்ன? விரட்டியது கதவு இல்லை, நான்தான் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மூன்றாவது புதன் ஜெனிட்டா வந்தாள். பத்து விழுந்தது. அருளப்பன் கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கைகள் மடியில் இருந்தன.

ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம் போயிற்று. ஜெனிட்டா அடுப்படியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

“யப்பா, பால் தீந்துட்டா?”

“பால் இருக்கு.”

“காபித்தூளு?”

“அதுவும் இருக்கு. தரமாட்டேன்.”

ரோஸ்லின் பதறிப்போனாள். “என்னங்க இது? பிள்ள ஒன்பதாம் குளிரகத்துலருந்து வந்திருக்கா. வெறும் வாயோட உக்கார வச்சுக்கிட்டு!”

“குடிச்சா எந்திரிச்சுப் போயிருவா ரோஸ்லின்,” என்றார் அருளப்பன். “நான் குடுக்கமாட்டேன்.”

ஜெனிட்டா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளின் உதடு கோணியது. பிறகு கையால் முகத்தை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதாள்.

“மூணு மாசமா அவரு எம்மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த பேசலப்பா. அவருக்கு மனசு வேற ஒருத்தி மேல. கல்யாணத்துக்கு முன்னாலயே. அவங்கம்மா அழுதாங்கன்னு என்னக் கட்டினாராம். அவரே சொன்னாரு. நான் அந்த வீட்டுல ஒரு நாற்காலி மாதிரி கிடக்கேன்.”

“ஏன் மக்கா இத்தன நாள் சொல்லல?”

“சொன்னா என்ன செய்வீங்க? வந்துருன்னுவீங்க. கல்யாணத்தோட எம்பங்குக் குளிரு அங்க போயாச்சு, திரும்ப வராது. நான் வந்து பேர் எழுதினா இந்த வீடு ஒரு டிகிரி ஏறும். அம்மா கிடந்த கிடப்ப நான் பாக்கலயா?”

கதவில் நாலு இருந்தது. அருளப்பன் மனைவியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். வந்துவிடு என்று சொன்னால் இவளுக்குத் துரோகம், சொல்லாவிட்டால் அவளுக்கு.

கட்டில் கிறீச்சிட்டது. ரோஸ்லின் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து கதவுக்குப் போனாள். வெப்பக்கணக்கியில் பெருவிரலை வைத்தாள்.

“குடி சேர்க்கணும்,” என்றாள்.

“இந்த வீட்டின் வெப்பம் முப்பதிலிருந்து முப்பத்தொன்றாகும். சம்மதமா?” என்று கதவு கேட்டது.

“சம்மதம்.”

“ரோஸ்லின், கொஞ்சம் யோசிச்சு…”

“நாலு வருசம் முப்பத்தொண்ணுலதான கிடந்தேன். செத்தா போயிட்டேன்?” அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். “பொய் சொல்லல. இந்த மூணு வாரம் எனக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு. நல்லாத் தூங்கினேன். அந்த அடுப்பும் போயிட்டு, புதன்கிழமை அவிஞ்சு கிடக்கவும் வேண்டாம். எனக்கு அது போதும். எம்பிள்ள அங்க நாற்காலியாக் கிடக்க நான் இங்க குளுரக் குளுரத் தூங்கணுமா? வந்து வெரல வைங்க. நேரம் போவுது.”

இரண்டாவது சம்மதம் அவருடையது. அருளப்பன் கதவருகே போய் நின்றார். எத்தனை ஈரத்துணி மாற்றியிருக்கிறார் இந்தக் கையால்! ரோஸ்லின் அவர் மணிக்கட்டைப் பிடித்து, “ம்,” என்றாள். அவர் விரலை வைத்தார். கதவில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு அணைந்தது, அந்த இடத்தில் மூன்று பெயர்கள் வந்தன.

உள்ளே முப்பது, முப்பதும் கொஞ்சமுமாக ஏறத் தொடங்கியது. ஜெனிட்டா போய் வாளியில் துண்டை நனைத்துப் பிழிந்து அம்மாவின் கழுத்தில் சுற்றினாள். அருளப்பன் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திருப்பினார். மூன்று டம்ளர் காபி. மகளுக்கு எப்போதும் போல ஒரு கரண்டி சர்க்கரை கூட.

ஜெனிட்டா டம்ளரை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ரோஸ்லின் குடித்து முடித்தாள். அருளப்பனும் முடித்தார். ஜெனிட்டாவின் டம்ளரில் ஆடை படிந்துவிட்டது.

“ஆறிப்போவுதே மக்கா. குடி.”

“மெதுவாக் குடிக்கேன்பா,” என்றாள் ஜெனிட்டா.