நுரை சொன்ன சாட்சி

"மதியம் லுஹர் தொழுகை முடிஞ்சதும் மண் லாரி வருது, வக்கீலம்மா. கிணத்தை மூடிட்டா என் அடுப்பும் அணைஞ்ச மாதிரிதான்."

ஏர்வாடி தர்காவுக்கு வருகிறவர்களுக்கு இடியாப்பம் அவித்து விற்கும் நூர் நிஷா அழவில்லை. அழ நேரமில்லை. தெரு முழுக்க உப்புத் தண்ணீர், பருப்பு வேகாது. நல்ல தண்ணீர் ஊறும் ஒரே இடம் பக்கத்து மனை. அது சஃபீருடையது. "தோண்டிக்க தங்கச்சி, கொத்தனாரை நான் பாத்துக்கிறேன்" என்று அவர் சொன்னதை நம்பி, இரண்டு வருடம் முன்பு நகையை விற்று உறைக்கிணறு இறக்கினாள். இப்போது அவர் அப்படிச் சொல்லவே இல்லையாம்.

"எழுதி வாங்குனீங்களா?" என்றான் குமாஸ்தா அஃப்ரித்.

"காக்கான்னு கூப்பிடுற அண்ணன் முறை ஆளுகிட்ட பத்திரமா கேப்பாங்க?"

மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசிவிட்டு, துண்டை எடுத்ததும் எனக்கு விரலே இல்லை என்கிற ஜாதி, என்று நினைத்துக்கொண்டான் அஃப்ரித். கேரளாவுக்குப் போய்விட்ட கொத்தனாரைப் பிடித்தால்தான் வழக்கு நிற்கும் என்பது அவன் கணக்கு. வக்கீல் பூமயிலோ நேரே, மனையை ஒட்டியிருந்த சஃபீர் வீட்டுக்கு நடந்தார்.

"கிணறு வெட்டுனப்ப நான் சென்னைக் கடையில இருந்தேன்" என்றார் சஃபீர். "வந்து பார்த்தா மனையில குழி. அதுல ஒரு சொட்டு நான் தொட்டதில்ல. குடிக்கக் கேன், புழங்க என் வீட்டுப் போர்த் தண்ணி. சரி, கையக் கழுவிட்டு வாங்க, வட்டலப்பம் இருக்கு."

எதிராளியானாலும் வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாத வீடு. வாசலில் லாரி ஹாரன் அடித்தது. பூமயிலோ முற்றத்துக் குழாயடியில் சோப்பைத் தேய்த்துக்கொண்டே நின்றார். அஃப்ரித்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கிணத்து மோட்டாரைப் போடு, அஃப்ரித்" என்றார் கை துடைத்தபடி.

எல்லோரும் கிணற்றைச் சுற்றி நின்றார்கள். தண்ணீர் இறங்க இறங்க, உறைகளின் இணைப்பில் ஒரு குழாயின் வாய் தெரிந்தது. அது சஃபீர் வீட்டுப் பக்கமாகப் போயிற்று. அஃப்ரித் ஏணியில் இறங்கித் தடவிப் பார்த்தான்.

"ஒரே பூச்சு, மேடம். உறை இறக்குறப்பவே வச்சது."

"இந்தத் தெருவுல எந்தப் போர் போட்டாலும் உப்புதான். உப்புத் தண்ணியில சோப்பு நுரைக்காது" என்றார் பூமயில். "உங்க குழாயில பொங்கிப் பொங்கி நுரைச்சுது. மாடித் தொட்டியக் கேன் வாங்கி யாரும் நிரப்ப மாட்டாங்க."

"அது கொத்தனார் பார்த்த வேலை."

"உங்க தொட்டி வரைக்குமா? கொத்தனாருக்கு உங்க மேல அம்புட்டுப் பாசமா?"

லாரிக்காரன் சிரித்துவிட்டான்.

"மனை என்னுது" என்றார் சஃபீர்.

"உங்களுதுதான். ஆனா நீங்க சொல்லி, அந்தம்மா நம்பி, இருக்கறத வித்துச் செலவழிச்சாச்சு. பாத்துக்கிட்டு நீங்களும் தண்ணி எடுத்தாச்சு. இனி 'நான் சொல்லல'ன்னு மாத்திப் பேச கோர்ட்டு விடாது. முரண்தடைன்னு அதுக்குப் பேரு. கிணத்தை மூடுனா அங்கன வந்துதான் பதில் சொல்லணும்."

சஃபீர் கையசைத்தார். லாரி மண்ணோடு பின்வாங்கியது.

"அப்ப என் குழாய்?" என்றார், தரையைப் பார்த்து.

நூர் நிஷா முக்காட்டைச் சரிசெய்தாள்.

"இருக்கட்டும் காக்கா. வக்கீலம்மா முன்னாலயே சொல்லிட்டேன். இனி நானும் மாத்திப் பேச முடியாதாம்ல."